உங்களுக்குத் தெரியுமா? எடை தூக்கும் முன் அசைவைப் பாருங்கள்

ஜிம்மில் சேர்ந்த அன்றைக்கே எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறார்கள். நாம் எப்படிக் குனிகிறோம், எப்படி உட்கார்ந்து எழுகிறோம் என்பதை யாராவது நின்று பார்க்கிறார்களா? பார்த்தே ஆகவேண்டும் என்பதுதான் இந்தப் பகுதியின் கட்சி. ஆனால் எதற்காகப் பார்க்கிறோம் என்பதில் விளையாட்டு மருத்துவ உலகில் பெரிய வாக்குவாதமே நடந்திருக்கிறது. அதையும் சேர்த்துத் தெரிந்துகொள்வோம்.

● ஏழே ஏழு அசைவுகளை வைத்து ஒருவருடைய உடம்புக்கு 21-க்கு மதிப்பெண் போடும் முறை ஒன்று உண்டு. கிரே குக், லீ பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1990-களில் உருவாக்கியது. பெயர் ஃபங்ஷனல் மூவ்மென்ட் ஸ்கிரீன்; பயிற்சியாளர்கள் வாயில் எஃப்.எம்.எஸ்.

தலைக்கு மேல் கோலைப் பிடித்தபடி முழுக்க உட்கார வேண்டும். முழங்காலுக்குக் கீழே கட்டிய கயிற்றைத் தாண்டிக் காலெடுத்து வைக்க வேண்டும். முன்னங்காலும் பின்னங்காலும் ஒரே கோட்டில் இருக்க, பின் முட்டியைக் கீழே இறக்கி எழ வேண்டும். ஒரு கையை மேலிருந்தும் மறு கையைக் கீழிருந்தும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனால் இரண்டு முஷ்டிகளுக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளப்பார்கள். மல்லாந்து படுத்து, முட்டி மடங்காமல் ஒரு காலைத் தூக்க வேண்டும். நடு உடம்பு தொய்யாமல் ஒரு தண்டால் எடுக்க வேண்டும். கடைசியாக, கைகளையும் முட்டிகளையும் ஊன்றியபடி ஒரே பக்கத்துக் கையையும் காலையும் நீட்ட வேண்டும்.

பிசகில்லாமல் செய்தால் 3. வேறெங்கோ வளைந்து நெளிந்து ஈடுகட்டினால் 2. செய்யவே முடியாவிட்டால் 1. ஏழில் ஐந்து சோதனைகள் இடம், வலம் என இரண்டு பக்கமும் நடக்கும். குறைந்த மதிப்பெண்தான் கணக்கில் சேரும்.

● அந்த முறையில் பூஜ்யம் எப்போது கிடைக்கும் தெரியுமா? வலித்தால். அசைவு எவ்வளவு அழகாக இருந்தாலும், வலிக்கிறது என்று சொன்ன நொடியில் பூஜ்யம்தான்.

ஏழு சோதனைகளோடு மூன்று துணைச் சோதனைகளும் உண்டு. கையை எதிர்த்தோளில் வைத்து முழங்கையை உயர்த்துவது ஒன்று. குப்புறப் படுத்துக் கைகளை ஊன்றி மார்பை மட்டும் எழுப்புவது இன்னொன்று. கைகளையும் முட்டிகளையும் ஊன்றிய நிலையிலிருந்து, பிட்டத்தைக் குதிகாலுக்குக் கொண்டுவந்து முன்னால் கவிழ்வது மூன்றாவது. இவற்றுக்கு மதிப்பெண்ணே கிடையாது. வலிக்கிறதா, இல்லையா என்ற ஒரே கேள்விதான். வலித்தால் பயிற்சியாளரின் வேலை அங்கே நின்றுவிடுகிறது. மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ அனுப்ப வேண்டியதுதான்.

மொத்தச் சோதனையிலும் மிக மதிப்புள்ள பகுதி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. ‘வலிச்சாதான் உடம்பு ஏறும்’ என்ற பேச்சு ஜிம்களில் இன்னும் ஓயவில்லை. தசை எரிவது வேறு, மூட்டு வலிப்பது வேறு. செட் முடியும் தறுவாயில் தொடை முழுக்கப் பரவும் எரிச்சல், எடையை இறக்கி வைத்ததும் அடங்கிவிடும். தோளிலோ முட்டியிலோ ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், ஒவ்வொரு முறையும் சுருக்கென்று வருவது அப்படிப்பட்டதல்ல. அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டச் சொல்லும் பயிற்சியாளரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

● ‘14’ என்ற எண் உலகெங்கும் பயிற்சிக் கூடங்களைச் சுற்றிவந்த கதை இது. 2007-இல் கைல் கீசல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 46 தொழில்முறை அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்களின் எஃப்.எம்.எஸ். மதிப்பெண்ணையும், அந்தப் பருவத்தில் அவர்களுக்கு ஏற்பட்ட காயங்களையும் ஒப்பிட்டார்கள். மதிப்பெண் 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால், மூன்று வாரமாவது ஆட முடியாமல் செய்யும் காயத்துக்கான வாய்ப்பு 15 சதவீதத்திலிருந்து 51 சதவீதமாக ஏறுகிறது என்றது ஆய்வு.

அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருந்தது. அது அவ்வளவு தூரம் பயணம் போகவில்லை. காயப்பட்டவர்களில் 54 சதவீதம் பேரைத்தான் இந்த 14 பிடித்தது. மீதிப் பேர் தேறியவர்கள் பட்டியலில் இருந்துகொண்டே காயப்பட்டார்கள்.

● மதிப்பெண் விதியைச் சொல்லிவிட்டாலே மதிப்பெண் கூடிவிடும்! கனடாவில் டேவிட் ஃபிராஸ்ட் குழுவினர் 21 தீயணைப்பு வீரர்களுக்கு எஃப்.எம்.எஸ். நடத்தினார்கள். பிறகு எந்த அசைவில் எதைப் பார்த்து மதிப்பெண் போடுகிறோம் என்று விளக்கிவிட்டு, உடனே மறுபடி நடத்தினார்கள். சராசரி 14.1-லிருந்து 16.7-க்குப் போனது. இடையில் யாருக்கும் தசை வலுக்கவில்லை, மூட்டு இளகவில்லை. என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று புரிந்தது, அவ்வளவுதான்.

இதைச் சோதனையின் தோல்வி என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதியைத் தவறவிடுகிறோம். நாம் ‘கோளாறு’ என்று பெயர் சூட்டும் பல அசைவுகள், யாரும் சொல்லித்தராத அசைவுகள்தான். ஒரு தெளிவான வாக்கியம் போதும், மாறிவிடும்.

● 2016-இல் நார்வேயின் ரோல்டு பார் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஒரு தீர்ப்பு: காயத்தைக் கணிக்கும் சோதனைகள் ஏன் பலிப்பதில்லை, இனியும் ஏன் பலிக்காமலே போகக்கூடும் என்று. ஓஸ்லோவில் விளையாட்டுக் காயங்களை ஆராயும் மையத்தை நடத்தியவர் அவர். அவருடைய வாதம் எளிமையானது. காயப்படுகிறவர்களின் மதிப்பெண்களும் காயப்படாதவர்களின் மதிப்பெண்களும் ஒன்றன்மேல் ஒன்று பெருமளவு கவிந்து கிடக்கின்றன. எந்த இடத்தில் கோடு போட்டாலும் இரண்டு பக்கத்திலும் இரண்டு வகை ஆட்களும் இருப்பார்கள்.

அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் வந்த தொகுப்பாய்வும், எஃப்.எம்.எஸ். மொத்த மதிப்பெண்ணை வைத்துக் காயத்தைக் கணிக்கலாம் என்பதற்கு ஆதாரம் போதாது என்று முடித்தது.

ஆக, இந்த மதிப்பெண் ஜாதகமல்ல. ‘உங்க ஸ்கோர் 12, ஆறு மாசத்துல முட்டி போயிடும்’ என்று பயமுறுத்திக் கூடுதல் பேக்கேஜ் விற்பவரை நம்பத் தேவையில்லை. இன்றைக்கு இவருக்கு எந்தப் பயிற்சியைக் கொடுக்கலாம், எதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம் என்று தீர்மானிக்க மட்டும் அசைவைப் பாருங்கள். அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. எப்படி என்று கீழே.

● ஸ்குவாட் போடும்போது குதிகால் தூக்கிக்கொள்கிறதா? கோளாறு பெரும்பாலும் முட்டியிலோ இடுப்பிலோ இல்லை, கணுக்காலில். சுவரைப் பார்த்து நின்று ஒரு பாதத்தை முன்னால் வையுங்கள். குதிகால் எழும்பாமல் முட்டியால் சுவரைத் தொட முயலுங்கள். தொட முடிகிறவரை பாதத்தைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டே போங்கள். கடைசியாகத் தொட முடிந்த இடத்தில் கட்டைவிரலுக்கும் சுவருக்கும் இடையே உள்ள தூரம்தான் உங்கள் கணக்கு. பலருக்கு அது 10 செ.மீ. அளவில் வரும். மிகக் குறைவாக இருந்தாலும், இரண்டு காலுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தாலும் கெண்டைக்கால் தசைக்கும் கணுக்காலுக்கும் தினம் சில நிமிடம் ஒதுக்குங்கள்.

செலவு: ஒரு சுவர், ஒரு ஸ்கேல்.

● உட்காரும்போது முட்டிகள் இரண்டும் உள்ளே சாய்கின்றன. காரணம் கணுக்காலா, இடுப்பா? கண்டுபிடிக்க அழகான வழி ஒன்று இருக்கிறது. குதிகாலுக்கு அடியில் 5 செ.மீ. உயரமுள்ள கட்டையை வைத்து மறுபடி உட்காரச் சொல்லுங்கள். முட்டி நேரானால் கணுக்கால் இறுக்கம்தான் முக்கியக் காரணமாக இருக்க வேண்டும். அப்போதும் உள்ளே போனால், இடுப்பின் வெளிப்பக்கத் தசைகளின் வலுவையும் கட்டுப்பாட்டையும் கவனிக்க வேண்டும். ஒரே மாதிரி தெரியும் இரண்டு பேருக்கு வெவ்வேறு பயிற்சி எழுத வேண்டியிருப்பது இதனால்தான். கூட்டமாக நிறுத்தி எல்லோருக்கும் ஒரே திருத்தம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

● ‘முட்டி, கால்விரலைத் தாண்டக் கூடாது.’ எத்தனை முறை கேட்டிருப்போம்! 2003-இல் ஆண்ட்ரூ ஃப்ரை குழுவினர் ஏழு ஆண்களைப் பாரத்தோடு ஸ்குவாட் போட வைத்தார்கள். ஒரு முறை இயல்பாக. ஒரு முறை முட்டி முன்னே போகாதபடி எதிரில் பலகை வைத்து. பலகை வைத்தபோது முட்டியில் விழும் திருப்புவிசை 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117-ஆகக் குறைந்தது, உண்மைதான். ஆனால் இடுப்பு மூட்டில் அது 28-லிருந்து 303-க்குத் தாவியது. சுமை மறையவில்லை, இடம் மாறியது. முட்டியில் தொல்லை உள்ளவருக்குச் சில காலம் அந்தக் கட்டுப்பாடு உதவலாம். எல்லோருக்கும் சட்டமாக்குவதற்கு அதில் ஒன்றுமில்லை.

● முழு ஸ்குவாட் முட்டி ஜவ்வைத் தளர்த்தும் என்ற பயம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் கிளைன் 1961-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து. பின்னால் வந்த ஆய்வுகள் அந்த முடிவை உறுதிசெய்யவில்லை. சம்மணமிட்டுச் சாப்பிட்டு, குத்துக்காலிட்டுப் பாத்திரம் துலக்கி, பஸ்கி எடுத்து வளர்ந்த ஊர்களுக்கு இந்தப் பயம் பின்னால் வந்து சேர்ந்ததுதான். அதற்காக இருபது வருடம் நாற்காலியிலேயே இருந்துவிட்டு, முதல் நாளே பாரத்தோடு அடிவரை இறங்கச் சொல்லவில்லை. எவ்வளவு ஆழம் கட்டுப்பாட்டோடு போக முடிகிறதோ, அவ்வளவு.

● எல்லோருடைய இடுப்பு மூட்டும் ஒரே வார்ப்பில்லை. தொடை எலும்பின் பந்து, அது உட்காரும் குழியின் ஆழம், குழி பார்க்கும் திசை எல்லாமே ஆளுக்கு ஆள் மாறுகின்றன. ஒருவருக்குப் பாதங்களை அகட்டி வெளிப்பக்கம் திருப்பினால்தான் சுகமாக இறங்க வரும். இன்னொருவருக்கு ஒடுக்கமாக வைத்தால்தான். எலும்பு தடுக்கும் இடத்தில் ஸ்ட்ரெச்சிங் செய்து பலனில்லை. பாதத்தை நகர்த்திப் பாருங்கள்.

● நான்கு சென்டிமீட்டர் பெரிய விஷயமா? ஒற்றைக் காலில் நின்று, மறுகாலை எவ்வளவு தூரம் நீட்ட முடியும் என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. 2006-இல் ஃபிலிப் பிளிஸ்கி குழுவினர் அமெரிக்காவில் 235 பள்ளிக் கூடைப்பந்து வீரர், வீராங்கனையருக்கு இதை நடத்தினார்கள். முன்பக்கம் நீட்டுவதில் இடதுக்கும் வலதுக்கும் 4 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தவர்களுக்குக் காலில் காயம் ஏற்படும் வாய்ப்பு இரண்டரை மடங்காக இருந்தது. ரோல்டு பாரின் எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். ஆனாலும் ஒரு கால் அடிபட்டுத் தேறிவரும்போது, மற்றக் காலுக்குச் சமமாகிவிட்டதா என்று பார்க்க இது கைகொடுக்கும்.

● எந்தக் கருவியும் இல்லாமல், ஒரு கேள்வியாலேயே மிகப் பயனுள்ள தகவல் கிடைத்துவிடும்: ‘இதற்கு முன்னால் எங்கே அடிபட்டிருக்கிறது?’ தொடைப் பின்தசை, கணுக்கால், முட்டி ஜவ்வு என்று எதை எடுத்தாலும், பழைய காயம் புதிய காயத்துக்கான வலுவான அறிகுறிகளில் ஒன்றாகத் திரும்பத் திரும்பத் தெரிகிறது. பத்து வருடத்துக்கு முன் கிரிக்கெட்டில் சுளுக்கிய கணுக்காலை நீங்கள் மறந்திருக்கலாம். சொல்லிவிடுங்கள். கேட்கவில்லை என்றாலும் சொல்லுங்கள்.

இதயத்துக்கும் இப்படி ஒரு கேள்விப் பட்டியல் உண்டு. கனடாவில் உருவான பார்-க்யூ என்ற ஏழு கேள்விப் படிவம், நெஞ்சுவலி, தலைசுற்றல், ரத்த அழுத்த மருந்து பற்றியெல்லாம் கேட்கும். ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் முதலில் மருத்துவரிடம் பேசிவிட்டு வரவேண்டும்.

● மேசையில் குனிந்தே கிடப்பவர்களுக்கு மார்புத் தசை இறுகி, முதுகின் நடுத்தசைகள் தளர்ந்துபோகும் அமைப்பை விவரித்தவர் செக் நாட்டு மருத்துவர் விளாதிமிர் யாண்டா (1928–2002). சிறு வயதில் போலியோவால் பாதிக்கப்பட்டவர். எந்தத் தசை வலுவிழந்திருக்கிறது, உடம்பு அதை எப்படி ஈடுகட்டுகிறது என்று கவனிப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். இன்றைய அசைவுச் சோதனைகள் பலவற்றின் சிந்தனைக்குப் பின்னால் அவர் இருக்கிறார். கூன் விழுந்த எல்லோருக்கும் வலிப்பதில்லை என்பதும் சேர்த்துச் சொல்லவேண்டிய உண்மை.

● தாவிக் குதித்து இறங்கும்போது முட்டி உள்ளே சாய்ந்தால் அதற்குள் இருக்கும் ஏ.சி.எல். ஜவ்வு கிழியுமா? 2005-இல் டிமதி ஹெவிட் குழு 205 இளம் வீராங்கனைகளைச் சோதித்துவிட்டு ‘ஆம், கணிக்க முடிகிறது’ என்றது. அந்தக் கணக்கில் கிழிந்த ஜவ்வுகள் மொத்தம் ஒன்பது. 2016-இல் நார்வேயில் 700-க்கும் மேற்பட்ட வீராங்கனைகளை வைத்துச் செய்த ஆய்வு, அதே வகைக் குதிப்புச் சோதனையால் கணிக்க முடியவில்லை என்றது. சின்ன எண்ணிக்கையில் தெரியும் கோடு, பெரிய எண்ணிக்கையில் கலைந்துபோவது அறிவியலில் வழக்கம்தான்.

● ஆனால் மெத்தென்று இறங்கப் பழக்குவது பலன் தருகிறது! ஆளைப் பொறுக்கி எடுக்காமல் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தால் போதும். ‘ஃபிஃபா 11+’ என்பது 20 நிமிட வார்ம்-அப். மெதுவோட்டம், உடம்பின் நடுப்பகுதிக்கும் கால்களுக்கும் வலு, ஒற்றைக்கால் சமநிலை, தாவி இறங்குதல், பிறகு வேக ஓட்டம். முட்டி உள்ளே சாயாமல் பாதத்துக்கு நேராக இருக்கிறதா என்பதை முழுக்கக் கவனிக்கச் சொல்கிறது. நார்வேயில் 13 முதல் 17 வயதுள்ள 1,892 கால்பந்துச் சிறுமிகளிடம் நடந்த ஆய்வு 2008-இல் வெளியானது. இந்த வார்ம்-அப் செய்த அணிகளில் காயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. கடுமையான காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாகின.

யாருக்கு ஆபத்து என்று தேடி நேரத்தைக் கழிப்பதைவிட, எல்லோருக்கும் நல்ல அசைவைக் கற்றுக்கொடுப்பது மேல் என்று நான் அழுத்திச் சொல்வது இந்த எண்களால்தான். பள்ளி விளையாட்டு ஆசிரியர்கள் கவனிக்க வேண்டுகிறேன். இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

● பயிற்சிக்கு முன் ஸ்ட்ரெச் செய்தால் காயம் வராது என்று நம்புகிறோம். ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரை வைத்து நடந்த ஆய்வு 2000-இல் வந்தது. பாதிப் பேர் ஸ்ட்ரெச் செய்தார்கள், மீதிப் பேர் செய்யவில்லை. காயத்தில் குறிப்பிடும்படியான வித்தியாசமே இல்லை. யாருக்கு உடல் தகுதி குறைவோ அவர்களுக்குத்தான் காயம் அதிகம்.

● அப்படியானால் எது காப்பாற்றுகிறது? வலு. 2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 25 ஆய்வுகளையும் 26,610 பேரையும் சேர்த்துப் பார்த்தது. வலுப்பயிற்சி செய்தவர்களின் விளையாட்டுக் காயங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கின. ஸ்ட்ரெச்சிங்குக்கு அப்படி எந்தப் பலனும் தெரியவில்லை.

அசைவு முழுக்கச் சரியாகும்வரை எடையே தொடமாட்டேன் என்று மாதக்கணக்கில் ரப்பர் பட்டையோடு நிற்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். இன்றைக்கு எந்த அசைவு வலியில்லாமல், கட்டுப்பாட்டோடு வருகிறதோ அதற்கு இன்றைக்கே எடை சேருங்கள். வராததைத் தனியாகப் பழகுங்கள். இரண்டும் ஒரே நாளில் நடக்கலாம்.

● தரையில் உட்கார்ந்து எழுவதற்கும் மதிப்பெண் உண்டு. பிரேசில் மருத்துவர் கிளாடியோ ஜில் அராவ்ஜோ உருவாக்கியது. உட்கார 5, எழ 5. கை, முட்டி எதை ஊன்றினாலும் ஒவ்வொன்றுக்கும் 1 குறையும். தள்ளாடினால் அரை குறையும். 51 முதல் 80 வயதுவரை 2,002 பேரைத் தொடர்ந்து கவனித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், மதிப்பெண் குறையக் குறைய இறப்பு விகிதம் கூடியது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு செய்து பார்க்கச் சொல்லுங்கள். முட்டி மாற்று அறுவை செய்தவர்கள் தவிர்க்கலாம்.

● ‘முட்டியை வெளியே தள்ளு’ என்பதைவிட ‘தரையை இரண்டு பக்கமும் கிழிக்கிற மாதிரி மிதி’ என்பது நன்றாக வேலை செய்யலாம். உடம்பின் பாகத்தைவிட அசைவின் விளைவில் கவனத்தை வைத்தால் எளிதாகக் கற்கிறோம் என்பதைக் காப்ரியல் வுல்ஃப் என்ற ஆய்வாளர் 1990-களின் இறுதியிலிருந்து பல சோதனைகளில் காட்டிவருகிறார். நல்ல பயிற்சியாளர் ஒரு நேரத்தில் ஒரு திருத்தம்தான் சொல்வார். ஐந்தைச் சேர்த்துக் கத்தினால் கேட்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது.

● எடை தூக்குவது ஆபத்தானதா? உடற்கட்டுப் பயிற்சியில் 1,000 மணி நேரத்துக்குச் சுமார் 0.24 முதல் 1 காயம்வரை என்று 2017-இல் வந்த தொகுப்பாய்வு கணக்கிட்டது. பந்து விளையாட்டுகள் பலவற்றைவிடக் குறைவு. பயந்து விலகியிருக்க இதில் காரணமே இல்லை.

● வெறுங்கையோடு, களைப்பில்லாமல் செய்யும் ஸ்குவாட்டும், நான்காவது செட்டின் கடைசி ஸ்குவாட்டும் ஒன்றல்ல. எடையும் வேகமும் கூடும்போது அதே மனிதர் வேறு விதமாக அசைகிறார் என்று தீயணைப்பு வீரர்களிடமே பார்த்திருக்கிறார்கள். அதனால் சேர்ந்த அன்று ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது. செல்போனை இடுப்பு உயரத்தில் வைத்து, முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டிலிருந்து ஒன்று படமெடுங்கள். முதல் செட்டையும் கடைசி செட்டையும் ஸ்லோமோஷனில் அடுத்தடுத்துப் பாருங்கள். எத்தனையாவது முறையில் முதுகு வளையத் தொடங்குகிறது, எதில் முட்டி சாய்கிறது என்று எண்ணுங்கள். எட்டாவதில் என்றால், அந்த எடைக்கு இப்போதைக்கு உங்கள் எண்ணிக்கை ஏழு. ஒன்பதாவது சுத்தமாக வரும் வாரத்தில் எடையைக் கூட்டுங்கள்.